காலுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

என் ஸ்டோர் சுவரில் ஓர் ஆணியில் பழைய சிலுவார் (கால்சட்டை) ஒன்று தொங்குகிறது. இடது தொடைப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். அதிலிருந்து வெள்ளை நூல் கொத்தாக வெளியே வந்து சோளக்கதிர்க் குஞ்சம் மாதிரி நிற்கிறது. 2022-ல் மலேசியாவின் பினாங்குத் தீவில், பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டத்தைச் சுத்தம் செய்தபோது என் அக்காள் மகன் போட்டிருந்த சிலுவார் அது. சரிவில் கால் வழுக்கி, ஓடிக்கொண்டிருந்த செயின்சா, மரம் அறுக்கும் மெஷின், அவன் தொடையில் இறங்கியது. மெஷின் டக்கென்று நின்றுவிட்டது. சிலுவாரைக் கழற்றிப் பார்த்தோம். தோலில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் வேலைக்கு வந்தான்.

அதே இடத்தில் என் தொடையில் 31 தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அது 2009-ல் நடந்தது. அன்று நான் போட்டிருந்தது ஜீன்ஸ்.

நான் தீவுக்கு எதிரே பெருநிலப் பக்கத்தில், பிறை என்ற ஊரில் இருக்கிறேன். அப்பா செபராங் பிறையில் பால்மர (ரப்பர்) தோட்டத்தில் வேலை பார்த்தவர். நான் 26 வருடமாக மரம் வெட்டும் குத்தகை எடுக்கிறேன், தீவிலும் இந்தப் பக்கமும். பெரிய மழை அடித்து ஓய்ந்த மறுநாள் தெரிந்தவர்களிடமிருந்து போன் வரும். "அண்ணே, புது செயின்சா வாங்கிட்டேன். வீட்டுக்குப் பின்னால ரம்புத்தான் சாஞ்சி கிடக்கு. நானே வெட்டிக்கலாம்ல?" மெஷின் என்ன பிராண்ட், என்ன விலை என்றெல்லாம் நான் கேட்பதில்லை. "காலுக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அவர்களுக்குப் போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

சிலுவார்

வலக்கைக்காரரோ இடக்கைக்காரரோ, செயின்சாவைப் பிடிக்கும் முறை ஒன்றுதான். வலக்கை பின் கைப்பிடியில், இடக்கை முன் கைப்பிடியில். இடது கால் கொஞ்சம் முன்னால் இருக்கும். கை அசந்து மெஷின் இறங்கினால் அது நேராகப் போய் உட்காரும் இடம் இடது தொடையும் முழங்காலும்தான். என் தழும்பும் மருமகனின் கிழிசலும் ஒரே இடத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

முழு வேகத்தில் செயின் நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்று கணக்கு வரும். பினாங்குப் பாலத்தில் காடி (கார்) ஓடுகிற வேகம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான பற்கள் ஒரே இடத்தைக் கடந்து போகின்றன. ஜீன்ஸ், தார்ப்பாய், தடித்த தோல் எதுவும் அதைத் தாங்காது. பாதுகாப்புச் சிலுவாரும் அதைத் தாங்குவதில்லை. அது வேறு வழியில் காப்பாற்றுகிறது. வெளித்துணிக்கு உள்ளே நீள நீளமான நூலிழைகளைத் தளர்வாகப் பல அடுக்குகளாகப் போட்டிருப்பார்கள். பல் துணியைக் கிழித்ததும் அந்த இழைகளைப் பற்றி இழுக்கும். இழைகள் செயினோடு உள்ளே போய், அதைச் சுழற்றும் பல்சக்கரத்தில் சுற்றி இறுக்கிவிடும். மெஷின் மூச்சடைத்து நின்றுவிடும்.

இதனால்தான் கடையில் வாங்கும்போது தொடைப் பகுதியைக் கையால் பிடித்து நசுக்கிப் பார்க்கச் சொல்கிறேன். உள்ளே அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டும். மருமகன் முதலில் ஆன்லைனில் 60 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஆரஞ்சு நிறச் சிலுவார் ஒன்று வாங்கி வந்தான். படத்தில் பார்க்க அசல் மாதிரியே இருந்தது. எனக்குக் கையில் பட்டதுமே சந்தேகம். பிளேடால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச். அன்றே அதைக் குப்பையில் போட்டுவிட்டு 480 வெள்ளிக்கு வேறு வாங்கிக் கொடுத்தேன். ஆணியில் தொங்குவது அந்த 480 வெள்ளிச் சிலுவார்தான்.

அசலில் செயின்சா படம் போட்ட கேடய முத்திரை இருக்கும். பக்கத்தில் இஎன் 381-5 அல்லது இஎன் ஐஎஸ்ஓ 11393-2 என்ற தர எண்ணும், எந்த வகுப்பு என்பதும் இருக்கும். வகுப்பு 1 என்றால் செயின் நொடிக்கு 20 மீட்டர் ஓடும் நிலையில் சோதித்தது. வகுப்பு 2-க்கு 24, வகுப்பு 3-க்கு 28. உங்கள் மெஷின் புத்தகத்தில் செயின் வேகம் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். டைப் ஏ காலின் முன்பக்கத்தை மட்டும் காக்கும், டைப் சி சுற்றிலும் காக்கும். நம் வெயிலில் டைப் சி போட்டு நாள் முழுக்க நிற்பது கஷ்டம். தரையில் நின்று வெட்டுகிறவருக்கு டைப் ஏ போதும் என்பது என் கருத்து. முன்பக்கம் மட்டும் கட்டிக்கொண்டு பின்னால் கொக்கி மாட்டும் வகையும் உண்டு, அது இன்னும் காற்றோட்டமாக இருக்கும். கொக்கி எல்லாவற்றையும் மாட்டுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் துணி திரும்பிக்கொள்ளும்.

வாங்கியபின் பராமரிப்பு. பிளீச் போட்டுத் துவைக்கக்கூடாது. டிரையரின் சூட்டில் காய வைக்கக்கூடாது. எண்ணெய் ஊறிப்போய் இழைகள் ஒட்டிக்கொண்டால் அவை வெளியே வராது; அதனால் துவைக்காமலும் வைக்கக்கூடாது. முள் பட்டு வெளித்துணி கிழிந்தால் மேலாக ஒட்டுப்போடலாம். உள் அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் இழைகள் கட்டிப்போய்விடும், சிலுவார் ஜீன்ஸாகிவிடும். செயின் ஒருமுறை பட்ட சிலுவாரை மறுபடி போடவே கூடாது.

இப்போது பாட்டரி மெஷின் நிறையப் பேர் வாங்குகிறார்கள். சத்தம் குறைவு, புகை இல்லை, நல்லதுதான். ஆனால் இந்தச் சிலுவார்களைப் பெட்ரோல் மெஷினின் இழுவையை மனதில் வைத்துச் செய்தார்கள். பாட்டரி மெஷினின் மோட்டாருக்கு முறுக்குவிசை அதிகம்; இழை சுற்றினாலும் அது விடாமல் இழுக்கக்கூடும். பாட்டரி மெஷின் வைத்திருப்பவர் சிலுவார் இருக்கிறதே என்று நம்பி நிற்கக்கூடாது. செயினைத் தொடுவதற்கு முன் பாட்டரியைக் கழற்றி எட்டத்தில் வையுங்கள்.

மற்ற உடுப்பு

தலைக்கு ஹெல்மெட், வலைக் கண்ணாடி, காதுமூடி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த செட் கிடைக்கிறது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. அதைப் போட்டுக்கொண்டு மேலே பார்க்க முடியாது, காதும் அடைபடாது. வலை பெரிய சிராய்களைத் தடுக்கும், பொடியைத் தடுக்காது. அதனால் உள்ளே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். பாலிக் பூலாவில் காய்க்கும் பருவத்தில் ஹெல்மெட் இல்லாமல் டுரியான் மரத்தடியில் வெறுமனே நடப்பதே தப்பு. அங்கே நின்று செயின்சா ஓட்டினால், அந்தச் சத்தத்தில் காய் விழும் ஓசைகூடக் கேட்காது.

காதைப் பற்றி ஒரு கணக்கு. மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்கு எல்லை 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் வரும். பெட்ரோல் செயின்சா 100-ஐத் தாண்டிவிடும். என் வயதில் இந்தத் தொழில் செய்கிற பலரிடம் நீங்கள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். எனக்கும் இடது காதில் கீச்சென்ற ஓசை ராத்திரியில் வரும். முதல் பத்து வருடம் பஞ்சுதான் வைத்திருந்தேன்.

கால் விரலுக்கு இரும்பு வைத்த, கணுக்கால் மூடிய பூட்ஸ். தோட்டத்தில் போடும் கறுப்பு ரப்பர் காலணி சேற்றில் பிடிக்கும், செயினை நிறுத்தாது. கைக்குப் பிடிமானமுள்ள கிளவுஸ். சாரோங், தோளில் துண்டு, தொங்கும் கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் கட்டிய காப்புக் கயிறு கையில் இருந்தால் அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கிளவுஸுக்குள் நன்றாக மறைத்து, மேலே சட்டைக் கையைப் பொத்தான் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் போட்டால் வேர்த்துக் கொட்டும். உடுப்பைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். காலை ஏழரைக்குத் தொடங்கி பதினொன்றுக்கு நாங்கள் நிறுத்திவிடுவோம். அரை மணிக்கு ஒருமுறை மெஷினை அணைத்துத் தண்ணீர் குடிப்போம். விரல் மரத்துப்போனாலும் அப்போதே நிறுத்துவோம். அதிர்வு நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் கெடுக்கும், கெட்டது பிறகு முழுதாகத் திரும்பாது. முந்தின ராத்திரி தண்ணி போட்டவனுக்கு என்னிடம் அன்று வேலை இல்லை.

மெஷினைக் கிளப்பும் முன்

அணைத்த மெஷினில் முதலில் செயின் இறுக்கம் பாருங்கள். கிளவுஸ் போட்ட கையால் இழுத்தால் செயின் சுலபமாக நகர வேண்டும், ஆனால் பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின்) அடியில் தொய்யக்கூடாது. புதுச் செயின் சீக்கிரம் நீளும், அடிக்கடி பாருங்கள். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கி இழுக்கும். பின் கைப்பிடிக்கு அடியில் உள்ள அகலமான தட்டும், செயின் அறுந்தால் பிடிக்கும் சின்னக் கொக்கியும் உடையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். உடைந்து கிடப்பதை ஆண்டுக்கணக்கில் கவனிக்காதவர்கள் உண்டு.

பல் மழுங்கினால் ஆபத்து கூடும் என்று சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை. மழுங்கிய செயினை மரத்துக்குள் தள்ள வேண்டியிருக்கும். தள்ளுகிறவன் உடம்பைக் கொடுக்கிறான். மரம் விட்டுக்கொடுத்ததும் உடம்பு மெஷினோடு முன்னால் போகும். கூரான செயின் அதுவாகவே உள்ளே இறங்கும், சீவல் சீவலாக வெளியே தள்ளும். மாவு மாதிரி பொடி வந்தால் நிறுத்தி அரம் போடுங்கள். .325 பிட்ச் (கண்ணி இடைவெளி, அங்குலத்தில்) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம், சின்ன வீட்டு மெஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர். இரண்டு பக்கப் பல்லும் ஒரே நீளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும்.

பெட்ரோல் கலவை பெரும்பாலான மெஷினுக்கு 50-க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். உங்கள் மெஷின் புத்தகம் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். சூடான மெஷினில் ஊற்றாதீர்கள். ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப்போய்க் கிளப்புங்கள். செயினுக்குப் போடும் ஆயிலுக்குப் பதில் வொர்க்‌ஷாப்பில் வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. செயின் அதை உங்கள் கையிலும் முகத்திலும் தெளித்துக்கொண்டே இருக்கும். பழைய எஞ்சின் ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் தோல் புற்றுநோய்வரை போகும். ஒரு போத்தல் ஆயில் விலைக்கு இதைச் செய்யாதீர்கள்.

கிளப்பும்போது செயின் பிரேக் போட்டிருக்க வேண்டும். மெஷினைத் தரையில் வைத்து, வலது பூட்ஸின் நுனியைப் பின் கைப்பிடிக்குள் விட்டு அழுத்தி, இடக்கையால் முன் கைப்பிடியைப் பிடித்து, வலக்கையால் கயிறை இழுங்கள். ஒரு கையில் மெஷினைக் கீழே போட்டபடியே இன்னொரு கையால் கயிறை இழுக்கிற ஸ்டைலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் ஆட்களில் யார் அப்படிச் செய்தாலும் அன்றைக்கு மெஷினை வாங்கி வைத்துவிடுவேன்.

கிளம்பியதும் இரண்டு சோதனை. வேகம் கூட்டும் விசையைத் தொடாதபோது செயின் சுற்றக்கூடாது. சுற்றினால் வேகத்திருகைக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருகுங்கள். அடுத்து, விசையை அழுத்தி, கைப்பிடியை விடாமலே இடது மணிக்கட்டால் முன்தடுப்பை (அதுதான் செயின் பிரேக்) முன்னால் தள்ளுங்கள். செயின் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த மெஷினில் அன்று வேலை கிடையாது.

நிற்பதும் பிடிப்பதும்

2009-ல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோயில் வளாகத்தில் விழுந்த கிளையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு துண்டை முடித்து, விசையை விட்டுவிட்டு, அடுத்ததற்கு ஓர் எட்டு வைத்தேன். செயின் இன்னும் சுற்றி ஓய்ந்திருக்கவில்லை. ஈர இலையில் கால் வழுக்கியது. பிரேக் என் இடது மணிக்கட்டிலிருந்து நாலு அங்குலத்தில் இருந்தது, நான் அதைப் போடவில்லை. அதற்குப் பிறகு ஓர் எட்டு வைப்பதாக இருந்தாலும் பிரேக் போட்டுவிட்டுத்தான் கால் எடுக்கிறேன். பத்து அடிக்கு மேல் என்றால் அணைத்துவிட்டு, பார் பின்பக்கம் பார்க்கும்படி தூக்கிப் போகிறேன்.

இனி, எங்கள் ஆட்கள் "மெஷின் உதைக்குது" என்று சொல்கிற கிக்பேக். பாரின் மூக்கை நாலு பாகமாகப் பிரித்தால் மேல்பக்கக் கால்பாகம்தான் ஆபத்தான இடம். அது வேறொரு கிளையிலோ கல்லிலோ வேலியிலோ பட்டால், பற்கள் வெட்டி இறங்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். செயின் ஓடிய விசை முழுவதும் பாரையே மேலே, உங்கள் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் தூக்கி எறியும். நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். பார்த்துச் சுதாரிக்க மனிதனால் ஆகாது. அதனால் அது வரும் முன்னாலேயே உடம்பு சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

இடது கட்டைவிரல் முன் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்கட்டும். மற்ற விரல்களோடு மேலே வைத்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். உதைத்தால் கை கழன்றுவிடும், மணிக்கட்டு தடுப்பில் படாது, பிரேக் விழாது. இடது முழங்கையை மடக்காமல் நீட்டி வையுங்கள். மெஷினுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள். தலையும் கழுத்தும் பார் மேலே எழும்பினால் போகும் கோட்டில் இருக்கக்கூடாது. தோள் உயரத்துக்கு மேல் வெட்டாதீர்கள். மூக்கு எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும், குறிப்பாக இலைக்குவியலுக்குள். ரம்புத்தான் மாதிரி கவை கவையாகப் பிரியும் மரத்தில் நீங்கள் வெட்டும் கிளைக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கும். ஒற்றைக் கையால் வெட்டாதீர்கள், ஒரே ஒரு குச்சியாக இருந்தாலும்.

கோயில் மரமும் வீட்டு முன் மரமும் என்றால் இன்னொரு எச்சரிக்கை. நாற்பது வருட ஆணி, துணிக்கொடிக் கம்பி, பழைய அறிவிப்புப் பலகையின் திருகு எல்லாம் பட்டைக்குள் புதைந்திருக்கும். வெட்டும் இடத்தில் பாராங் கத்தியால் பட்டையைச் சீவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மரத்தில் கறுப்பாக நீலம் பாய்ந்திருந்தால் உள்ளே இரும்பு இருக்கக்கூடும்.

விழுந்து கிடக்கும் மரம்

வீட்டுக்காரர்கள் வெட்ட நினைப்பது பெரும்பாலும் விழுந்த மரத்தை. நிற்கிற மரம்தான் ஆபத்து, விழுந்தது செத்த பாம்பு என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பு தவறு.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை அடித்த மழையையும் காற்றையும் நம் ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. அதற்குப் பின் ஒரு வாரம் நாங்கள் வீட்டுக்கு வந்தது தூங்க மட்டும்தான். ஆயர் ஈத்தாமில் வேரோடு சாய்ந்த ஓர் அங்சானா மரம். வேர்த்தட்டு ஆள் உயரத்துக்கு மண்ணோடு எழும்பி நின்றது, அடியில் பள்ளம். தண்டை வெட்டியதும் எடை போய்விட்டது. வேர்த்தட்டு அப்படியே திரும்பிப் பள்ளத்தில் உட்கார்ந்தது, அடிமரம் நிமிர்ந்து நின்றது. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தப் பள்ளத்தில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் விரட்டிவிட்டிருந்தேன். இன்றுவரை அந்தப் பள்ளம் என் கண்ணில் இருக்கிறது. வேர்த்தட்டுக்குப் பின்னாலும் அடியிலும் யாரும் நிற்கக்கூடாது. அடிமரத்தை நீளமாக விட்டு வெட்டுங்கள்.

விழுந்த மரத்தின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். வெட்டும் முன் ஒரு நிமிடம் நின்று அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு முனையும் மேட்டில் தாங்கி நடு தொய்ந்தால் மேல்பக்கம் அமுக்கம், அடிப்பக்கம் இழுவை. முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டி, பிறகு அடியிலிருந்து மேலே வந்து சேருங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் இருந்தால் தலைகீழ்: முதலில் அடியில் கொஞ்சம், பிறகு மேலிருந்து. எப்போதும் அமுங்கிய பக்கம் முதலில், இழுபட்ட பக்கம் கடைசியில். மாற்றிச் செய்தால் பார் கவ்விக்கொள்ளும், அல்லது மரம் வெடித்து உங்கள் பக்கம் அடிக்கும். வில் மாதிரி வளைந்து மாட்டியிருக்கும் இளங்கிளை இருக்கிறதே, அது தாடையை உடைக்கும். விடுபட்டால் அது பாயும் பக்கம் நிற்காதீர்கள். உள்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிச் சீவி விசையை இறக்குங்கள். சரிவில் வெட்டினால் மேட்டுப் பக்கம் நில்லுங்கள்.

நின்ற மரம்

முன்பு யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காவிட்டால் நின்ற மரத்தைத் தொடாதீர்கள். கணக்கை மட்டும் சொல்கிறேன். 40 சென்டிமீட்டர் தடிமனுள்ள மரத்தில் விழும் பக்கத்தில் ஆப்பு வடிவில் எடுக்கும் வாய்வெட்டு 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம். எதிர்ப் பக்கத்துப் பின்வெட்டு முழுதும் போகக்கூடாது. நடுவே 4 சென்டிமீட்டர் அளவுக்குக் கீல் மாதிரி மரம் மிஞ்ச வேண்டும். அந்தக் கீல்தான் மரத்தைத் திசை தவறாமல் படுக்க வைக்கிறது. மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் இருக்கக்கூடாது. பின்னால் சாய்வாக ஓட ஒரு வழியை முதலிலேயே சுத்தம் செய்து வையுங்கள். நேர் பின்னால் ஓடாதீர்கள், அடிமரம் அங்கேதான் எகிறும். சாய்ந்த பால்மரம் வெட்டும்போதே நீளவாக்கில் பிளந்து மேலே போகும். தோட்டத்தில் வளர்ந்த எனக்கே அது பயம். தென்னை நார்மரம், அதில் கீல் மற்ற மரம் போல நடந்துகொள்ளாது.

ஏணியில் ஏறிச் செயின்சா ஓட்டாதீர்கள், யார் பிடித்துக்கொண்டாலும். கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் மரம் என்றால் மின்சாரக் கம்பெனியான தெனாகாவுக்கு 15454-ல் கூப்பிடுங்கள். கம்பியின் மேல் கிளை கிடந்தால் அதன் அருகிலேயே போக வேண்டாம். மரத்தில் தெபுவான் (பெரிய குளவி) கூடு இருந்தால் சிவில் பாதுகாப்புப் படையைக் (ஏபிஎம்) கூப்பிடுங்கள். கொட்டு வாங்கியவன் கையில் ஓடும் மெஷின் இருப்பதை விடப் பெரிய ஆபத்து எனக்குத் தெரியாது. மரத்தின் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் என்றால், அது உங்கள் வீட்டு நிலத்திலேயே நின்றாலும், 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்துக்கும் விலக்கு உண்டு. அந்த மன்றம் தீவில் என்றால் எம்பிபிபி, இந்தப் பக்கம் எம்பிஎஸ்பி.

கூலிக்கு இந்த வேலை செய்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் வந்துவிட்டது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்கு முதலாளி உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் சொல்லிவிட்டு அங்கிருந்து விலகும் உரிமையும் அதில் இருக்கிறது. "சிலுவார் இல்லாம வெட்டு" என்று சொல்கிற முதலாளியிடம் நீங்கள் மரியாதையாகவே மறுக்கலாம். சொந்தமாகச் செய்கிறவர்கள் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் சுயதொழில் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். 2009-ல் எனக்கு அப்படி எதுவும் இல்லை. மூன்று மாதம் வீட்டில் கிடந்தபோது என் மனைவிதான் காலையில் தோசை சுட்டு விற்றுக் குடும்பத்தை ஓட்டினாள்.

ரத்தம்

தனியாக வெட்டாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும், அவருக்கு மெஷினை அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும். என் ஆட்களில் வங்காளதேசத் தம்பி ஒருவன் இருக்கிறான். பேச்சு பாதிதான் புரியும். அதனால் கை சாடைகளைக் காலையிலேயே பேசி வைத்துக்கொள்வோம்: கையைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் எல்லாரும் அணைக்க வேண்டும்.

தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். முதலுதவிப் பெட்டி லோரியில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். எங்கள் ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் ஒரு டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்த முறுக்கிக் கட்டும் பட்டை), ஒரு பெரிய அழுத்துக் கட்டு இருக்கும். காயத்தை முதலில் துணியால், கையால், முழு பலத்தோடு அழுத்துங்கள். பீய்ச்சி அடித்தால், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டில் படாமல், டூர்னிக்கேயைக் கட்டி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலியில் கத்துவார், தளர்த்தக்கூடாது. கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். மருத்துவமனையில்தான் அவிழ்க்க வேண்டும். 999-ஐக் கூப்பிடுங்கள்.

கூப்பிட்டால் எங்கே வரச் சொல்வீர்கள்? பாலிக் பூலாவின் டுரியான் மலைகளில் மோட்டார் சைக்கிள் மட்டுமே ஏறும் பாதைகள் இருக்கின்றன. ஆம்புலன்ஸ் எதுவரை வரும், அங்கிருந்து ஆளை எப்படி இறக்குவது, எந்த வளைவில் யார் நின்று கைகாட்டுவது என்பதை உடுப்பு மாட்டும் முன் பேசிவிடுவோம். போனில் சிக்னல் இருக்கும் இடத்தையும் பார்த்து வைப்போம்.

பிறகு நான் நிற்கும் இடத்தின் லொகேஷனை மனைவிக்கு அனுப்புவேன். எத்தனை மணிக்கு முடியும் என்று கீழே எழுதுவேன். மற்ற எல்லாவற்றையும் நான் மறந்தாலும் அவள் மறக்காமல் ஒரே கேள்வியைத் திருப்பி அனுப்புவாள்: "சிலுவார்?" குனிந்து கொக்கிகளை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு "போட்டாச்சி" என்று பதில் அனுப்பி, போனைப் பாக்கெட்டில் வைத்த பிறகுதான் கயிறை இழுப்பேன்.